கப்கேக் ஆர்டர் சிதையாமல் போய்ச் சேருவது எப்படி? ஆழ்வார்பேட்டை வெயில், டிராஃபிக், சட்ட விதிகள்: முழு விவரம்

வீட்டிலேயே கப்கேக் செய்து ஆர்டரின் பேரில் விற்பவர்களுக்கு நன்றாகப் பழகிய போன் அழைப்பு ஒன்று உண்டு. "மேடம், பாக்ஸைத் திறந்தா எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு கிடக்குது. க்ரீம் எல்லாம் மூடியில ஒட்டிக்கிச்சு. அஞ்சு மணிக்கு குழந்தைங்க வந்துடுவாங்க, இப்ப என்ன பண்றது?"

அந்த நேரத்தில் சொல்வதற்குப் பதிலே இருக்காது. மாவு, வெண்ணெய், முட்டை, உழைப்பு எல்லாம் ஒரு அரை மணி நேரப் பயணத்தில் போச்சு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும், பிறந்தநாள் கெட்டுப்போனது கெட்டுப்போனதுதான். வாய்வழிப் பரிந்துரையை நம்பி நடக்கும் வீட்டுத் தொழிலில், இப்படி ஒரு ஆர்டர் அடுத்த 10 ஆர்டர்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

ஆழ்வார்பேட்டையிலிருந்து மயிலாப்பூருக்கோ தி.நகருக்கோ அடையாறுக்கோ தூரம் அதிகமில்லை. ஆனால் வெயில், ஈரக்காற்று, சிக்னல், மெட்ரோ பணிகளால் மாறிய பாதை என எல்லாம் சேர்ந்து அந்தச் சிறு தூரத்தையே சோதனையாக்கிவிடுகின்றன. கப்கேக்கை எப்படி பேக் செய்வது, எதில் அனுப்புவது, சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கேக்கை விட கப்கேக் ஏன் கஷ்டம்?

ஒரு கிலோ கேக் அகலமானது, கனமானது. அட்டைப் பலகையில் ஒட்டி உட்கார்ந்துவிடும். கப்கேக் அப்படி இல்லை. அடிப்பகுதி சுமார் 5 சென்டிமீட்டர் அகலம்தான். அதன் மேல் க்ரீமைச் சுழற்றி உயரமாக வைத்தால், பாரம் மேலே, பிடிமானம் கீழே. பம்பரம் மாதிரி. லேசாகச் சாய்த்தாலே ஒன்று இன்னொன்றின் மேல் விழுகிறது. ஒன்று விழுந்தால் பக்கத்தில் இருப்பதும் கெடுகிறது.

கப்கேக்குக்கு எதிரிகள் மூன்று: சூடு, ஆட்டம், ஈரம். பலரும் ஆட்டத்துக்கு மட்டும்தான் பாக்ஸ் வாங்குகிறார்கள். சூட்டுக்கும் ஈரத்துக்கும் எந்த பாக்ஸும் முழுத் தீர்வு கிடையாது. அதனால் பேக்கிங் என்பது கடைசியில் செய்யும் வேலை அல்ல. ஆர்டர் எடுக்கும்போது, எந்த க்ரீம் என்று முடிவு செய்யும் இடத்திலேயே அது தொடங்கிவிடுகிறது.

சென்னை வெயிலுக்கு எந்த க்ரீம் தாங்கும்?

வெண்ணெய் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சென்னையில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சரி, மார்கழியில் பிரச்சனை இல்லையா? டிசம்பரிலும் சென்னையின் பகல் வெப்பம் 28, 29 டிகிரி அளவில்தான் இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க வீடியோக்களில் வரும் பட்டர்க்ரீம் அளவுகள், இங்கே குளிர்காலத்துக்கே சரிப்படாது.

எனவே வாடிக்கையாளர் படத்தை அனுப்பி "இதே மாதிரி வேணும்" என்று கேட்கும்போது, மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு வேண்டும்? எங்கே வைத்துப் பரிமாறுவீர்கள், ஏசி அறையா, மொட்டை மாடியா? எதில் எடுத்துப் போவீர்கள்? பதிலைப் பொறுத்துத்தான் க்ரீம்.

* முழுக்க வெண்ணெயில் செய்த பட்டர்க்ரீம்: ஏசி காரில் போய், ஏசி அறையில் பரிமாறினால் சரி. மதிய வெயிலில் பைக் என்றால் வேண்டாம்.
* வெண்ணெயில் ஒரு பங்கைக் குறைத்து ஷார்ட்டனிங் எனப்படும் தாவரக் கொழுப்பு சேர்த்த க்ரீம்: வடிவம் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். ருசியில் வித்தியாசம் தெரியும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.
* பால் க்ரீமை அடித்துச் செய்யும் விப்பிங் க்ரீம், க்ரீம் சீஸ்: சூட்டில் முதலில் சரிவதும் கெடுவதும் இவைதான். குளிர் வசதி இல்லாமல் அனுப்பவே கூடாது.
* பால் அல்லாத விப் டாப்பிங்: பால் க்ரீமை விட வடிவம் நிற்கும். ஆனாலும் ஃபிரிட்ஜிலிருந்து நேராகப் போக வேண்டும்.
* சாக்லேட் கனாஷ்: இரண்டு பங்கு டார்க் சாக்லேட், ஒரு பங்கு க்ரீம் என்ற அளவில் செய்தால் கெட்டியாக நிற்கும். சென்னைக்கு இது நல்ல தேர்வு. என்றாலும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி அளவில் உருகக்கூடியது என்பதால், வெயிலில் நிறுத்திய வண்டியில் வைத்தால் இதுவும் தாங்காது.
* ஃபாண்டன்ட் பொம்மைகள்: சூட்டை விட ஈரம்தான் இதற்கு எதிரி. ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும்.

க்ரீமின் உயரமும் முக்கியம். உயரமான சுழற்சிக்குப் பதில், கத்தியால் தடவியது போல தட்டையாகவோ ரோஜா வடிவில் பரவலாகவோ வைத்தால், சாய்ந்து விழும் வாய்ப்பு குறையும். கோடைக்கு மட்டும் தனி மெனு வைத்துக்கொள்வதும் நல்ல வழி.

ஆறாமல் மூடினால் என்ன ஆகும்?

அவசரத்தில் நடக்கும் பெரிய தவறு இது. கப்கேக் உள்ளே சூடாக இருக்கும்போதே மூடினால், ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நீராகிறது. அந்த ஈரத்தில் காகித லைனர் கேக்கிலிருந்து பிரிந்து விரிந்துவிடும். மேல்பரப்பு பிசுபிசுக்கும். சீக்கிரம் பூஞ்சையும் பிடிக்கும்.

ஓவனிலிருந்து எடுத்ததும் ஐந்து நிமிடத்தில் தட்டிலிருந்து வெளியே எடுத்து, கம்பி ஸ்டாண்டில் வைத்து முழுவதும் ஆறவிட வேண்டும். சென்னை அறைச் சூட்டில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்து, துளிச் சூடும் இல்லை என்றால்தான் க்ரீம்.

க்ரீம் வைத்த பிறகு பாக்ஸில் அடுக்கி, பாக்ஸோடு ஃபிரிட்ஜில் வைத்து இறுக விட வேண்டும். தட்டில் குளிரவைத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் பாக்ஸுக்கு மாற்றினால், ஈரக்காற்று பட்டு க்ரீம் மேல் முத்து முத்தாக நீர் கோக்கும். மூடிய பாக்ஸில் இருந்தால், அந்த நீர் பெரும்பாலும் பாக்ஸின் வெளிப்பக்கத்தில்தான் படியும். வாடிக்கையாளரும் கைக்கு வந்தவுடன் திறக்காமல், பரிமாறும் முன் மூடியபடியே 20, 30 நிமிடம் வெளியே வைத்துப் பிறகு திறந்தால் க்ரீம் வியர்க்காது.

எந்த பாக்ஸ் வாங்கலாம்?

பாக்ஸைத் தேர்வு செய்யும்போது அழகைப் பார்ப்பதற்கு முன் அளவைப் பார்க்க வேண்டும்.

முதலில் உயரம். க்ரீம், மேலே குத்தும் அலங்காரம் எல்லாம் சேர்த்து கப்கேக்கை அளந்து, அதற்கு மேல் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும் பாக்ஸ் வேண்டும். மூடியில் க்ரீம் ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு சென்டிமீட்டர்தான்.

அடுத்து இன்சர்ட். வட்ட ஓட்டைகள் போட்ட உள் அட்டை இது. இது இல்லாமல் கப்கேக் அனுப்புவது, சீட் பெல்ட் இல்லாமல் வண்டி ஓட்டுவது போல. லைனரின் அடி அகலத்துக்கும் ஓட்டையின் அளவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று ஒரு கப்கேக்கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மொத்தமாக வாங்க வேண்டும். ஓட்டை பெரிதாக இருந்தால் ஆடும். சிறிதாக இருந்தால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, அட்டையின் கனம். 300 முதல் 350 ஜிஎஸ்எம் அட்டை என்றால் 6 கப்கேக் பாரத்தைத் தாங்கும். 12 கப்கேக் பாக்ஸ் என்றால், அடியில் தனியாக ஒரு கெட்டி அட்டைப் பலகை வைப்பது பாதுகாப்பு. தூக்கும்போது நடுவில் அடி வளைந்தால், எல்லா கப்கேக்கும் நடுவை நோக்கிச் சாயும். ஒரே 12-க்கு பதில் இரண்டு 6 பாக்ஸ் கொடுப்பது இன்னும் நல்லது. ஒன்றில் ஏதாவது ஆனாலும் மற்றது பிழைக்கும்.

பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு, காகிதம் மற்றும் அட்டைப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற இடம். ஆன்லைனில் 100, 200 என மொத்தமாக வாங்கும் முன், நேரில் ஒரு பாக்ஸை மடித்துப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் குறையும்.

உணவில் நேரடியாகப் படும் பொருட்களுக்கு 2018-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு பேக்கேஜிங் ஒழுங்குமுறைகள் பொருந்தும். உணவைச் சுற்றவோ மூடவோ செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாது. அச்சடித்த பக்கம் உணவைத் தொடக் கூடாது. லோகோ போட்ட பாக்ஸ் என்றால் அச்சு வெளிப்பக்கம் மட்டும்தான். பாக்ஸை மூட ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் சாப்பிடும் பொருள் என்பதால் ஸ்டிக்கர் போதும்.

எந்தப் பை, எந்தக் கத்தி? தடை என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை அமலில் இருக்கிறது. 2018 ஜூன் 25 அன்று வெளியான அரசாணை 14 வகைப் பொருட்களைப் பட்டியலிட்டது. கப்கேக் ஆர்டரோடு தொடர்புள்ளவை இவை: பிளாஸ்டிக் கேரி பேக், பிளாஸ்டிக் பூச்சு கொண்ட பை, உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சு கொண்ட காகிதத் தட்டு மற்றும் கப்.

பலரும் கவனிக்காத ஒன்றும் அந்தப் பட்டியலில் உண்டு: நான்-வோவன் பை. தொட்டுப் பார்த்தால் துணி போல இருக்கும், கடைகளில் "துணிப்பை" என்றே கொடுப்பார்கள். ஆனால் அதுவும் பிளாஸ்டிக்தான், தடைசெய்யப்பட்டதுதான்.

இதற்கு மேல், 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அமலான மத்திய அரசின் தடையும் இருக்கிறது. அதில் பிளாஸ்டிக் ஸ்பூன், ஃபோர்க், கத்தி, ஸ்வீட் பாக்ஸைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள், அலங்காரத்துக்கான தெர்மாகோல் ஆகியவை அடக்கம். கேக்கோடு இலவசமாகக் கொடுக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கத்தி இன்று சட்டப்படி செல்லாது. மரக் கத்தி, மர ஸ்பூன் கொடுக்கலாம். கப்கேக்குக்கு அதுவும் தேவையில்லை.

அப்படியானால் பை? அடி அகலமான, தட்டையான கெட்டி காகிதப் பை சிறந்தது. 2021 டிசம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்துக்குப் பிறகு, துணிப்பையில் கொடுப்பதை வாடிக்கையாளர்களும் விரும்புகிறார்கள். ஆனால் சாதாரண மஞ்சப்பையில் பாக்ஸை வைத்தால் ஒரு பக்கம் இறங்கும். பையின் அடியில் பாக்ஸ் அளவுக்கு அட்டை போட்டு, பக்கத்து இடைவெளியில் காகிதத்தைக் கசக்கி அடைத்தால் ஆடாது.

லேபிளில் என்ன இருக்க வேண்டும்?

"வீட்டுலதானே செய்யறோம், லைசென்ஸ் எதுக்கு?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. விற்பனைக்காக உணவு தயாரிக்கும் யாராக இருந்தாலும், அது வீட்டுச் சமையலறையாகவே இருந்தாலும், 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். 2011-ம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு தயாரிப்பாளர்களுக்கு எளிய 'பதிவு' முறையை வகுத்தன. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வரம்பும் கட்டணமும் திருத்தத்துக்கு உட்பட்டவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அதே தளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பதிவு கிடைத்ததும் 14 இலக்க எண் வரும். அந்த எண்தான் லேபிளின் முதுகெலும்பு.

முன்கூட்டியே அடைத்து விற்கும் உணவுக்கு, 2020-ம் ஆண்டின் லேபிளிங் ஒழுங்குமுறைகள் கேட்கும் முக்கிய விவரங்கள்: பொருளின் பெயர், சேர்மானங்கள், சைவ அல்லது அசைவக் குறி, ஒவ்வாமை தரும் பொருட்கள், எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், தயாரித்தவரின் பெயர் மற்றும் முகவரி, பதிவு எண். ஆர்டரின் பேரில் அன்றே செய்து நேரில் கொடுக்கும் பாக்ஸிலும் இதே விவரங்களை ஒரு ஸ்டிக்கரில் போட்டுவிட்டால், வாடிக்கையாளருக்கும் நம்பிக்கை, பிரச்சனை வந்தால் விற்பவருக்கும் பாதுகாப்பு. தவறான விவரம் போட்டு விற்றால், சட்டத்தின் 52-வது பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

முட்டை, எக்லெஸ், முந்திரி: ஒரே பாக்ஸில் வேண்டாம்

மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை பக்கம் "எக்லெஸ் கிடைக்குமா?" என்பது சகஜமான கேள்வி. சட்டப்படி முட்டை சேர்த்த கேக், அசைவப் பட்டியலில்தான் வருகிறது. சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முட்டையைத் தவிர வேறு அசைவம் இல்லை என்றால், அதை அந்தக் குறியோடு எழுத்திலும் சொல்லலாம்.

"ஆறு எக்லெஸ், ஆறு எக், ஒரே பாக்ஸ்ல குடுத்துடுங்க" என்று கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. வழியில் ஒன்று சரிந்து மற்றதில் ஒட்டினாலே எக்லெஸ் என்ற வாக்கு பொய்யாகிவிடும். இரண்டு பாக்ஸ், இரண்டு நிற ஸ்டிக்கர் என்று பிரிப்பதே சரி. மேலே வைக்கும் மார்ஷ்மெல்லோ, சில ஜெல்லி மிட்டாய்களில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். எக்லெஸ் கேக்கின் மேல் அதை வைத்தால் அது சைவமாகாது.

ஒவ்வாமை இன்னும் தீவிரமானது. கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா ஆகியவை லேபிளில் சொல்லியே ஆக வேண்டிய பொருட்கள். சாக்லேட்டில் லெசிதின் என்ற பெயரில் சோயா இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஒரு சிறு துணுக்கும் மூச்சுத் திணறல் வரை கொண்டுபோகலாம். பள்ளிக்குப் போகும் பாக்ஸ் என்றால், ஆர்டர் எடுக்கும்போதே "யாருக்காவது அலர்ஜி இருக்கா?" என்று கேட்டுவிடுவது அவசியம். அதே சமையலறையில் வேர்க்கடலை பயன்படுத்தினால், அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

பைக்கா, ஆட்டோவா, காரா?

பைக்: பாக்ஸை முன்பக்கக் கொக்கியில் தொங்கவிட்டால், ஒவ்வொரு பிரேக்குக்கும் ஊஞ்சல் ஆடும். டெலிவரி பையின் அடியில் தட்டையாக வைக்க வேண்டும். பை பெரிதாகவும் பாக்ஸ் சிறிதாகவும் இருந்தால், சுற்றிலும் துணியோ கசக்கிய காகிதமோ வைத்து நகராமல் அடைக்க வேண்டும். சூடான பிரியாணி பார்சல் இருக்கும் அதே பையில் கப்கேக்கும் போனால், குளிரவைத்தது வீண். செயலி வழியே பார்சல் பதிவு செய்யும்போது, ஓட்டுநரிடம் இதை நேரில் சொல்லிவிட வேண்டும்: "அண்ணா, கேக்கு இருக்கு, சாய்க்காம கொண்டு போங்க" என்ற ஒரு வரி, பாக்ஸில் ஒட்டும் பத்து ஸ்டிக்கரை விட வேலை செய்யும்.

ஆட்டோ: சீட் பின்பக்கம் சரிந்து இருக்கும். அதன் மேல் வைத்தால் பாக்ஸும் சரியும். கால் வைக்கும் தரையில், ஈரத் துணியோ வழுக்காத ரப்பர் விரிப்போ போட்டு வைப்பது நல்லது.

கார்: சீட்டும் வேண்டாம், மடியும் வேண்டாம். மடி சூடு, சடன் பிரேக் போட்டால் கை தானாகப் பாக்ஸை அழுத்தும். முன் சீட்டின் கீழே கால் வைக்கும் தரைதான் காரில் தட்டையான, ஏசி படும் இடம். கிளம்பும் 10 நிமிடம் முன்பே ஏசியைப் போட்டு வண்டியைக் குளிரவைத்தால் இன்னும் நல்லது. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் பாக்ஸை வைத்துவிட்டு வேறு வேலையாகப் போகவே கூடாது.

ஐஸ் பேக் வைக்கலாம். டிரை ஐஸ்?

அரை மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றாலோ, பால் க்ரீம் என்றாலோ, சூடு தாங்கும் இன்சுலேட்டட் பையும் ஜெல் ஐஸ் பேக்கும் வேண்டும். ஐஸ் பேக்கை கப்கேக் பாக்ஸுக்குள் வைக்கக் கூடாது. வியர்த்து அட்டை ஊறிவிடும். மெல்லிய துணியில் சுற்றி, பாக்ஸுக்கு வெளியே, பக்கவாட்டில் வைக்க வேண்டும். குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால், அடியில் வைப்பதை விட பக்கத்திலோ மேலேயோ வைப்பது பலன் தரும். மேலே வைத்தால் பாக்ஸை அழுத்தாதபடி தாங்கல் வேண்டும்.

டிரை ஐஸ் நகருக்குள் போகும் ஆர்டருக்குத் தேவையே இல்லை. அது மைனஸ் 78 டிகிரி அளவில் உள்ள திட கார்பன் டை ஆக்சைடு. தொட்டால் தோல் கருகும். காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தால் வெடிக்கலாம். மூடிய காரில் வைத்தால் மூச்சு முட்டும். 2024 மார்ச் மாதம் குருகிராமில் ஒரு உணவகத்தில், வாய் புத்துணர்ச்சிப் பொருள் என்று நினைத்து டிரை ஐஸைச் சாப்பிட்ட 5 பேர் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். குழந்தைகள் திறக்கும் பாக்ஸில் அது இருக்கவே கூடாது.

எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. எளிதில் கெடும் உணவு 5 டிகிரிக்குக் கீழ் இருந்தால் பாதுகாப்பு. அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டுதல், இத்தகைய உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி பகல் நேரத்துக்கு இந்த ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும். பயண நேரமும் இதில் சேர்த்தி.

எந்த நேரம், எந்த வழி?

முடிந்தவரை காலை 10 மணிக்கு முன் ஒப்படைப்பது நல்லது. மாலை விழாவாக இருந்தாலும், காலையிலேயே கொடுத்து வாடிக்கையாளரின் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லலாம். ஃபிரிட்ஜில் இடம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். 12 கப்கேக் பாக்ஸ், தோசை மாவுப் பாத்திரம் இருக்கும் தட்டில் நுழையாது.

ஆழ்வார்பேட்டையைச் சுற்றி மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் சுரங்கப் பாதை வருகிறது. கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி வழித்தடத்தில் திருமயிலை, ஆழ்வார்பேட்டை, பாரதிதாசன் சாலை ஆகியவை நிலையங்கள். பணிகளுக்காக இந்தப் பகுதியில் பாதைகள் மாற்றப்படுவதும் சாலை குறுகுவதும் நடக்கிறது. நேற்றுப் போன வழி இன்று இருக்கும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது. குறுக்குச் சந்து ஐந்து நிமிடம் மிச்சப்படுத்தலாம். ஆனால் வேகத்தடையும் பள்ளமும் உள்ள சந்தை விட, சுற்றிப் போனாலும் சமமான சாலைதான் கப்கேக்குக்கு நல்லது.

இந்தப் பகுதிக்கே உரிய இரண்டு காலங்களையும் நினைவில் வைக்க வேண்டும். டிசம்பரில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆர்டர் குவியும் அதே நாட்களில்தான் மியூசிக் அகாடமி உள்ளிட்ட சபாக்களில் இசை விழாவும் நடக்கிறது. மாலையில் டிடிகே சாலை, கதீட்ரல் சாலை பக்கம் வண்டி நகராது. பங்குனியில் கபாலீஸ்வரர் கோயில் தேர், அறுபத்துமூவர் நாட்களில் மாட வீதிகளுக்குள் வண்டி போவதே சிரமம். அந்த நாட்களில் மயிலாப்பூர் ஆர்டரை அதிகாலையிலேயே கொடுத்துவிடுவது அல்லது முந்தைய நாளே கொடுப்பது புத்திசாலித்தனம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நனைந்த அட்டை பாக்ஸ் தூக்கும்போதே அடி விட்டுவிடும். மழை நாளில் பைக்கைத் தவிர்ப்பது நல்லது. முடியாவிட்டால் மழை உறை போட்ட டெலிவரி பை கட்டாயம்.

சோழிங்கநல்லூர், தாம்பரம் போன்ற தூரத்து ஆர்டர்களுக்கு வேறு யோசனை தேவை. கண்ணாடி ஜாரில் அடுக்கிய ஜார் கேக் சாய்ந்தாலும் கெடாது. அல்லது க்ரீம் வைக்காத கப்கேக்கைத் தனியாகவும், க்ரீமைக் குளிர்ந்த பைப்பிங் பையில் தனியாகவும் கொடுக்கலாம். பரிமாறும் முன் வீட்டில் உள்ளவர்களே பிழிந்துகொள்வார்கள். குழந்தைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு.

ஒப்படைக்கும்போது பேச வேண்டியது

பாக்ஸை மூடும் முன் மேலிருந்து ஒரு போட்டோ, மூடி ஸ்டிக்கர் ஒட்டிய பின் ஒரு போட்டோ. இரண்டையும் நேரத்தோடு வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். "யார் மேல தப்பு?" என்ற வாக்குவாதத்துக்கு இதை விட நல்ல பதில் இல்லை.

யார் அனுப்புகிறார்கள் என்பதையும் ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் பேசிவிட வேண்டும். விற்பவர் ஏற்பாடு செய்த வண்டி என்றால் வீட்டு வாசல் வரை பொறுப்பு அவருடையது. வாடிக்கையாளரே வண்டி அனுப்பினால், கைமாறிய பிறகு ஏற்படும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்ள வேண்டும். சேதமான பிறகு சொன்னால் அது சாக்குப்போக்கு போலத்தான் தெரியும்.

பாக்ஸின் மேல் மூன்று வரி போதும்: "சாய்க்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைக்கவும். இந்த நேரத்துக்குள் சாப்பிடவும்." குச்சி, கம்பி, பிளாஸ்டிக் அலங்காரம் இருந்தால், "குழந்தைகளிடம் கொடுக்கும் முன் எடுத்துவிடவும்" என்று நான்காவது வரி.

செலவை யார் ஏற்பது?

பாக்ஸ், இன்சர்ட், பை, ஸ்டிக்கர், ஐஸ் பேக் எல்லாம் சேர்த்துப் பார்க்காமல் விலை சொல்வதால்தான் பலர் நஷ்டப்படுகிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு கப்கேக் 70 ரூபாய் என்று 12-க்கு 840 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பேக்கிங்குக்கு 90 ரூபாய் ஆனால், ஒரு கப்கேக்குக்கு 7 ரூபாய் 50 காசு அதிலேயே போகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் "டெலிவரி ஃப்ரீ" என்றும் சொன்னால், மிஞ்சுவது உழைப்பு மட்டும்தான். பேக்கிங் செலவைக் கப்கேக் விலையிலேயே சேர்த்து, டெலிவரி கட்டணத்தைத் தனியாகக் காட்டுவதுதான் தெளிவான முறை. இன்சுலேட்டட் பை, ஐஸ் பேக் இரண்டையும் முன்பணம் வாங்கிக் கொடுத்து, திருப்பித் தந்ததும் பணத்தைக் கொடுத்துவிடலாம்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

* கேக் முழுவதும் ஆறியதா, க்ரீம் ஃபிரிட்ஜில் இறுகியதா?
* ஒவ்வொரு கப்கேக்கும் இன்சர்ட்டில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா?
* மூடிக்கும் க்ரீமுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா?
* எக், எக்லெஸ் தனித்தனி பாக்ஸா? ஒவ்வாமை விவரம் எழுதியாச்சா?
* தேதியும் பதிவு எண்ணும் ஸ்டிக்கரில் இருக்கிறதா?
* பை தட்டையாக நிற்கிறதா? தடைசெய்யப்பட்ட பை இல்லையே?
* போட்டோ அனுப்பியாச்சா? வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறாரா?

புதிய பாக்ஸோ புதிய க்ரீமோ பயன்படுத்தத் தொடங்கும் முன், ஒரு சோதனை ஓட்டம் விடுவது எல்லாவற்றையும் விட முக்கியம். நான்கு கப்கேக்கைப் பாக்ஸில் வைத்து, பிற்பகல் 3 மணிக்கு ஸ்கூட்டரில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு வந்து திறந்து பார்த்தால் போதும். எது சாய்ந்தது, எது உருகியது, எங்கே ஒட்டியது என்று தெரிந்துவிடும். நான்கு கப்கேக் வீணானாலும் நஷ்டம் 300 ரூபாய்க்குள்தான். அதே பாடத்தை ஒரு குழந்தையின் பிறந்தநாளில் கற்றுக்கொண்டால், அதற்கு விலை சொல்ல முடியாது.